நல்ல கிழங்கு

வியன்னா உணவகமொன்றின் நிலவறையில், ஈரமணல் நிரப்பிய மரப்பெட்டிக்குள் கிரேன் கிழங்குகள் புதைந்து கிடந்தன. இறைச்சியோடு துருவிப் போடும் வெள்ளைக் கிழங்கு அது, கடுகைவிடக் காரம். வாடாமலிருக்க மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது தவபாலனின் வேலை. கிழங்கு புதியதா என்று மற்றவர்கள் ஒடித்துப் பார்ப்பார்கள். அவர் மட்டும் நுனியைத் துருவி முகத்தருகே பிடிப்பார். கண்ணீர் வந்தால் நல்ல கிழங்கு. பதினாறு வருடங்களில் அவர் கணிப்பு தவறியதில்லை.

அன்று காலை, தன்னை வளர்த்த அக்காவின் செத்தவீட்டை ஊரிலிருந்து போனில் காட்டினார்கள். அழாமலே பார்த்துவிட்டு, எவரிடமும் சொல்லாமல் வேலைக்கு வந்திருந்தார். முதல் கிழங்கைத் துருவினார். கண்ணீர் வரவில்லை. குப்பை வாளியில் போட்டார். அடுத்ததையும் அப்படியே. பெட்டியில் ஒன்றுதான் மிச்சமிருந்தபோது, மேலே சமையலறையில் வேலை செய்யும் ரஞ்சினி படியிறங்கி வந்து, கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“என்னண்ணை செய்யிறியள்? கண் திறக்கேலாமக் கிடக்கு.”

“எல்லாம் பழுது பிள்ளை. ஒண்டிலயும் காரமில்லை.”

அவள் வாளியிலிருந்து ஒன்றை எடுத்து வளைத்தாள். ‘டக்’கென்று ஒடிந்தது.

“நல்ல கிழங்கண்ணை!” அவளுடைய கன்னங்களில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தவபாலன் அந்த முகத்தையே பார்த்தார். பிறகு மணலைக் கிளறிக் கடைசிக் கிழங்கை எடுத்தார்.

“கொஞ்ச நேரம் இதிலயே நில்லும், பிள்ளை” என்றபடி துருவத் தொடங்கினார்.