தடி தொடாத மனுஷர்

"இவளுக்குச் சோம்பல் டாக்டர். வேற ஒண்ணுமில்ல" என்றார் கணவர், நாற்காலியில் சாய்ந்தபடி.

மனைவி கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள்.

பிசியோதெரபி டாக்டருக்குக் காலையிலிருந்து முதுகு முதுகாகப் பார்த்துக் கை ஓய்ந்துபோயிருந்தது. உள்ளங்கையை மனைவியின் மேல்முதுகில் வைத்து, "மூச்சை விடுங்கம்மா" என்று ஓர் அழுத்து அழுத்தினாள். சொடக்கென்று சத்தம் கேட்டது.

"இங்க நல்லா இளகுது. அடுத்த தடவை வரும்போது பழையபடி கூன். வீட்ல சுவத்துல ஒட்டி நிக்கச் சொன்னேனே, நிக்கறீங்களா?"

"நிக்கறேன் டாக்டர்."

"ரப்பர் பட்டை?"

"இழுக்கறேன்."

"எங்க இழுக்கறா? நீங்க பண்றதெல்லாம் விழலுக்கு இறைச்ச நீர்தான்" என்றார் கணவர். "மனசுல உறுதி வேணும் டாக்டர். என்னையே எடுத்துக்கங்க. வாதம் வந்து இடது பக்கமே விளங்காமப் போய் எழுந்தவன் நான். தடியைத் தொட்டிருப்பேனா? தெருவுல நிமிர்ந்துதான் நடக்கறேன். இவளுக்கு என்ன கேடு?"

டாக்டருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சொன்னதைச் செய்யாதவர்களைக் கண்டாலே அவளுக்கு இப்போதெல்லாம் அலுப்பு.

"ஏம்மா, இவ்வளவு முடியாதவரே நடக்கறார். நீங்க இப்படியே விட்டா முதுகு இறுகிடும். அப்புறம் யாராலயும் நிமித்த முடியாது. தெரியுதா?"

"தெரியுது டாக்டர். சோம்பேறின்னே வச்சுக்கங்க."

டாக்டர் அவளை எழுப்பிச் சுவரோரம் நிறுத்தினாள். குதிகால், முதுகு, பின்தலை எல்லாம் சுவரில் பட்டன. எதிரே இருந்த கண்ணாடியில் யாரோ ஒரு நெடிய பெண் நின்றாள்.

கணவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாணத்தப்ப இப்படித்தான் இருந்தா. என்னைவிட உயரம்" என்றார்.

"இப்படியே வீடு வரைக்கும் போங்க" என்றாள் டாக்டர்.

எப்போதும் இவர்கள் கிளம்புமுன்பே அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவாள். இன்று அடுத்து யாருமில்லை. வழியனுப்ப நின்றாள்.

கணவர் தடுமாறி எழுந்து, நல்ல கையால் மனைவியின் தோளைப் பிடித்தார். உயரம் ஒத்துவரவில்லை. பிடி நழுவி, ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

அதற்குள் மனைவி முதுகை வளைத்துத் தோளை இறக்கிக் கொடுத்துவிட்டாள். பழகிய இடத்தில் கை போய் உட்கார்ந்தது. மொத்த பாரத்தையும் அதில் போட்டு அவர் நிமிர்ந்தார்.

டாக்டர் மூலையில் சாத்தியிருந்த ஊன்றுதடி ஒன்றை எடுக்கப் போனாள். வேண்டாம் என்று மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள்.

தோளை இறுக்கிப் பிடித்தபடி கணவர் திரும்பிப் பார்த்தார்.

"பார்த்தீங்களா டாக்டர், வாசப்படி தாண்டலை, அதுக்குள்ள கூன் போட்டுட்டா."