இடது ஓரத்தில் மாமனார்

"ஏட்டி தாணம்மா! என் மூக்குக் கண்ணாடியில ஒரு கண்ணைக் காணல. அதையும் பிடுங்கிட்டாரான்னு உன் மாப்பிள்ளைகிட்ட கேளு!"

மாப்பிள்ளை கோலப்பன் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தான். ஆனால் மாமியார் நாராயணவடிவு மருமகனிடம் நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. ஏச்செல்லாம் மகள் வழியாகத்தான் போய்ச் சேரும். புகழ்ச்சி எந்த வழியாகவும் போனதில்லை.

தக்கலை தாலுகா கச்சேரியில் குமாஸ்தா அவன். ஓடுகிற சைக்கிளைக் கொடுத்துவிட்டு, ஒரு பழைய போட்டோப் பெட்டியை மாற்றி வாங்கி வந்திருந்தான். அது தூரத்து மலையை அழகாக எடுத்தது. பக்கத்தில் வைத்த எதையும் அவித்த கிழங்கு போலக் காட்டியது.

"பெட்டி முன்னால மடிப்பு மடிப்பா இருக்க துருத்தியை நீளமாக்கும் ஓய். முன்னால ஒரு பூதக்கண்ணாடி வையும். வெயிலைத் திருப்பி விடும். கொசுவுக்க மீசையை எண்ணலாம்" என்று பெட்டியை விற்றவர் சொல்லியிருந்தார்.

ஐப்பசி மழையில் வீட்டுக் குடை துணியை இழந்தது. பெட்டிக்குத் துருத்தி நீண்டது. மாமியாரின் கண்ணாடி பூதக்கண்ணாடி ஆனது. தாணம்மாளின் முகம் பார்க்கிற கண்ணாடி வெயிலைத் திருப்பியது. நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்து அதன் மேல் பெட்டியை உட்கார வைத்தான். வீட்டில் நெல்லை உத்தேசமாக அளந்தார்கள், அரிசியில் கல்லை உத்தேசமாகப் பொறுக்கினார்கள்.

கை பழக எறும்புதான் கிடைத்தது. கருப்பட்டித் துண்டை வைத்தால் வரும். முதலில் எறும்புகள் ஓடின. போகப் போக, வெயில் மேலே பட்டதும் தாமாகவே வரிசையில் நின்று தலையைத் தூக்கிக் காட்டின. ஒன்று மட்டும் கண்ணை மூடிவிட்டதால் அதைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. நம்பாதவர்கள் அந்த எறும்பையே கேட்டுக்கொள்ளலாம்.

"ஊரு முழுக்க மழைக்குக் குடை பிடிக்குவு. நம்ம வீட்டுல எறும்புக்குப் பிடிக்குவு!" என்றாள் மாமியார், அடுப்பைப் பார்த்து.

எதற்காக இத்தனை பாடு என்பது தாணம்மாளுக்கு மட்டும் தெரியும். அவள் அப்பா நாராயணபெருமாள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். கோலப்பன் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் முகம் இருப்பது ஒரே ஒரு படத்தில்தான். கோயில் தேருக்குப் புதுச் சக்கரம் போட்ட அன்று ஊர்க்காரர்கள் வரிசையாக நின்று எடுத்தது. ஒவ்வொரு முகமும் துவரம்பருப்பு அளவு.

"தை மாசம் திவசத்துக்கு அந்தப் பருப்பைப் பூசணிக்காய் அளவு ஆக்கிக் காட்டுதேன். உங்க அம்மை வாயால, நல்லா இருக்குன்னு ஒரே ஒரு 'கொள்ளாம்' வாங்கிரணும். அது போதும்ட்டி."

"அப்பா இடது ஓரம், கேட்டியளா? வலது ஓரத்துல பக்கத்து வீட்டுப் பொன்னுலிங்கம் மாமா."

இரண்டு வீட்டுக்கும் சாய்ந்த தென்னை ஒன்றால் வந்த பகை. மரம் இந்த வீட்டில், காய் விழுவது அந்த வீட்டில். பக்கத்தில் பக்கத்தில் நிற்க மாட்டோம் என்று இருவரும் ஆளுக்கொரு ஓரத்தில் நின்றார்கள். நாராயணபெருமாள் போனபிறகு சண்டையை நாராயணவடிவு விடாமல் நடத்திவந்தாள்.

படம் எடுக்கிற அன்று தாணம்மாள் எட்டிப் பார்த்துப் பதறினாள்.

"எங்க அப்பாவைத் தலைகீழாவா தொங்கப் போட்டிருக்கிய?"

"இந்தப் பெட்டிக்குள்ள உலகமே தலைகீழ்தான். தலைகீழா வச்சாத்தான் பெட்டிக்குப் பின்னால இருக்க கண்ணாடியில நேரா தெரியும்."

"இடது ஓரம். மறந்திராதிய."

"இந்தா, பெட்டியை இடது ஓரத்துலதான் வச்சிருக்கேன். அடுப்புல பால் பொங்குவு, ஓடு!"

திவசத்தன்று படத்தை வேட்டியில் சுற்றியே கொண்டுவந்தான். தாணம்மாள் அடுக்களையில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். முன்கட்டில், பட்டாசாலையில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் காதை அந்தப் பக்கம் நீட்டினாள்.

"கொள்ளாம், மாப்பிளே. அவரேதான்."

அம்மையின் குரல். அதுவும் நேராக அவனிடம்! தாணம்மாளின் கையிலிருந்த வடை எண்ணெய்க்குள் தானாகக் குதித்தது.

அந்த நல்ல நேரத்தில்தான் முற்றத்தில் இன்னொரு குரல் வெடித்தது.

"நாராயணவடிவே! உன் சவத்துத் தென்னை இன்னைக்கும் என் கூரை ஓட்டை உடைச்சாச்சு! இந்தத் தேங்காயைக் கொண்டு கச்சேரியில வைக்கேனா இல்லையா பாரு!"

பொன்னுலிங்கம். சத்தம் படியேறிப் பட்டாசாலைக்குள் வந்து, சட்டென்று நின்றது.

"வாருங்க" என்றான் கோலப்பன், குரல் பூரிக்க. "மாமனார் படம். நானே எடுத்தது. எப்படி இருக்கு?"

பொன்னுலிங்கத்திடமிருந்து முதலில் ஒரு செருமல்.

"நாராயணபெருமாளேதான். சந்தேகமே வேண்டாம்... ஆனா ஒண்ணு. நேர்ல அவன் இவ்வளவு லச்சணமா இருக்க மாட்டான்."

பகையாளியே ஒத்துக்கொண்டாரா! தாணம்மாள் வடைத் தட்டோடு ஓடினாள்.

சுவரில், மாலையும் விளக்குமாக, கறுத்த மீசையை முறுக்கிக்கொண்டு சட்டத்துக்குள் நின்றார் பொன்னுலிங்கம் மாமா.

அதன் கீழே, இப்போது மீசையும் பல்லும் போன அதே பொன்னுலிங்கம் மாமா, கொண்டுவந்த தேங்காயை விளக்கின் முன்னால் பையப் படைத்துக்கொண்டிருந்தார். கோலப்பனின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவரைப் பார்த்துக் கெஞ்சிக் கூப்பிய கையை அம்மை அப்போதுதான் இறக்கினாள்.

தலைகீழாகத் தொங்கினால் இடது வலதாகிப் போகும் என்பதை எந்த எறும்பும் கோலப்பனுக்குச் சொல்லித் தரவில்லை.

"அம்மை, இது பொ..."

அம்மையின் குதிகால் தாணம்மாளின் கால்விரலை மிதித்தது.

"வாயை மூடுட்டி. உங்க அப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ படத்துல இருக்கவருக்குச் சூடா ரெண்டு வடை வை."