போல்ட்டில் ஒரு கோடு

துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

கோடு அங்கேயே இருந்தது.

மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினாள். இரும்பில் விரிசல் இருந்தால் எண்ணெய் அதற்குள் போய்த் தங்கும். பிறகு மெல்லக் கசிந்து பொடியை நனைக்கும்.

நனைத்திருந்தது. தலைமுடி கனத்தில்.

தோட்டா வெடிக்கும்போது அந்த வேகத்தைப் பின்னால் வரவிடாமல் தாங்கி நிற்பது போல்ட். அதற்குப் பின்னால் இருப்பது சுடுகிறவனின் முகம்.

அவள் வரைந்து, அவள் உருவாக்கிய ரைஃபிள். ஆறு வருடம். ராணுவம் எடுத்துக்கொள்ளுமா என்பது இன்றைய சோதனையில் தெரிந்துவிடும். பாலைவன வெயிலில் பந்தல் போட்டு, அதிகாரிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வுக்கூட இயக்குநர் பக்தவத்சலம் குனிந்து பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டைவிரலால் பொடியை வழித்துவிட்டார்.

“இன்னும் ஒரு மேகசின் தோட்டாதாம்மா. தாங்கிடும். அப்புறம் மாத்திக்கலாம்.”

அவள் போல்ட்டை ரைஃபிளில் பொருத்தினாள். அவரிடமே நீட்டினாள்.

“அப்போ நீங்க சுடுங்க சார்.”

சிரித்தார். அவள் கையை இறக்கவில்லை.

சிரிப்பு நின்றது. அவர் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயின.

பக்கத்திலிருந்து வேறொரு கை நீண்டது.

ராணுவத்து நாயக் இருளப்பன். முதல் மாதிரியிலிருந்து சுட்டுப் பார்க்கிறவன் அவன்தான். பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தான்.

“குடுங்க மேடம். என் வேலைதானே.”

அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. பின்னால் போன கைகளைவிட, நீண்ட அந்தக் கையைப் பார்த்துத்தான் அதிகம் எரிந்தது.

போல்ட்டைக் கழற்றினாள். மணலில் கால் புதையப் புதைய நடந்து போய், பந்தலில் உட்கார்ந்திருந்த கர்னலின் டீ கோப்பைக்குப் பக்கத்தில் டம்மென்று வைத்தாள்.

“விரிசல் விட்டிருக்கு சார். நிறுத்துங்க.”

நிறுத்தினார்கள்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. இந்த ரைஃபிளுக்கு இனி ஒரு வாய்ப்பு கிடையாது என்று கர்னல் சொல்லிவிட்டார். பக்தவத்சலம் அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார்.

அவள் பாகங்களைப் பெட்டிக்குள் வீசிக்கொண்டிருந்தாள். இருளப்பன் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

“கெடுத்துட்டீங்களே மேடம். நல்ல துப்பாக்கி. ஒரு மேகசின்தானே, தாங்கியிருக்கும்.”

பெட்டியை அறைந்து மூடினாள்.

“போடா! போய்ச் சோத்தைத் தின்னு!”

இத்தனை வருடமும் அவனை ‘நீங்க’ என்றுதான் பேசியிருக்கிறாள்.

அவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையல் கூடாரத்துக்கு நடந்தான்.