மாப்பிள்ளை வீட்டார்

மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குறை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

"எங்க பையன் ஏழு மாசமா உங்க வீட்டோட மாப்பிள்ளையா இருக்கான். இப்படித் துரும்பா இளைக்க விட்டுட்டீங்களே!" என்றார் டாக்டர் நரசிம்மன். "இடுப்பெலும்பு தெரியுது பாருங்க" என்று அவர் மனைவி வேதவல்லி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

பையன் கண்ணாடிக் கூட்டுக்குள், சூட்டு விளக்கின் கீழே கல்லில் படுத்தபடி, பிளவுபட்ட நாக்கை ஒருமுறை நீட்டி இழுத்துக்கொண்டான். பெயர் சக்கரவர்த்தி. ஆஸ்திரேலிய முள்வால் உடும்பு. வால் நுனி மட்டும் இல்லை. இன்னொரு ஆணோடு பொருதியதில் பெற்ற விழுப்புண் என்று நரசிம்மன் சொல்லுவார்.

நரசிம்மன் சொன்னால் மறுபேச்சில்லை. ஊர்வன வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் அவர், செயலாளரும் அவர், கூட்டங்களில் பேசுகிறவரும் பெரும்பாலும் அவரே. ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக ஸ்கேன் பார்ப்பவர். உடும்பில் ஆண் எது, பெண் எது என்று சொல்ல மிருக வைத்தியர்களே தயங்குவார்கள். அவருக்கு ஒரு பார்வை போதும்.

லண்டன் இல்ஃபோர்டின் அந்தச் சின்ன வீட்டு முன்னறையில், வீட்டுக்காரி அஞ்சலீனா உடும்பு வளர்த்து இழந்தது கொஞ்சமில்லை. முதல் வருடம் பதினொரு முட்டையிலும் பூஞ்சணம். அடுத்த வருடம் தெர்மோஸ்டாட் பழுதாகி எட்டும் அவிந்தன. மூன்றாம் முறை முட்டை வெளியே வராமல், தாய் உடும்பே அவள் மடியில் செத்தது. மிஞ்சியது றூபி என்ற இன்னொரு உடும்பு ஒன்றுதான்.

"இதுவும் பொட்டைதான். நாலு வயசாகியும் ஒரு முட்டை இல்லன்னா மலடு" என்று நரசிம்மன் அதைப் பார்த்த அன்றே தீர்ப்பளித்தார். "விட்டுடுங்கம்மா, இது உங்களால ஆகாது."

"ஏலாது எண்டு மட்டும் என்னட்டச் சொல்லாதேங்கோ, டொக்டர்."

"அப்ப என் சக்கரவர்த்தியை அனுப்பறேன். அவன் வந்தா மலடும் பெறும். ஆனா எழுத்துல போட்டுக்கலாம்."

எழுதியவரும் அவரே. 'பிறக்கும் குஞ்சுகள் ஆணின் உரிமையாளருக்கே சேரும். பெண்ணின் உரிமையாளருக்கு ஒன்று. அதையும் ஆண் வீட்டாரே பார்த்துக் கொடுப்பர்.' பெயர்கள் இல்லை. பெயர் போட்டால் சட்டத்தின் கம்பீரம் குறைந்துவிடுமாம்.

இப்போது எட்டுக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒரு பேனா நீளம். நரசிம்மன் ஏழு பெட்டிகளோடு வந்திருந்தார். சட்டைப்பையில், 'லண்டனில் உடும்பு வளர்ப்பு: என் வெற்றி' என்ற சங்க உரையும் இருந்தது.

"நான் இதுகளைக் குடுக்கமாட்டன்" என்றாள் அஞ்சலீனா.

அவள் கணவன் யாக்கோப் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தான். "இஞ்சரும், கையெழுத்து வச்சனீர் எல்லே?"

"வச்சனான். அதாலதான் சொல்லுறன்."

"நம்மளோடது ஆணாச்சே, என்ன பேச்சு இது?" என்றார் வேதவல்லி. நரசிம்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒப்பந்தத்தை வாசித்தார். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அஞ்சலீனா கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். "இதில ஒரு எழுத்தும் மாத்துறதில்லைத்தானே, டொக்டர்?"

"ஒரு புள்ளிகூட மாறாது!"

"நல்லது. சூடு பாக்கக் கூட்டுக்குள்ள கமரா பூட்டினனான். நாலு மாசத்துக்கு முந்தி முட்டை போட்டதும் இருக்கு, முந்தாநாள் திரும்பவும் போட்டதும் இருக்கு. ரெண்டையும் வடிவாப் பாருங்கோ."

"மறுபடியுமா? நான் சொன்னேன்ல, மலடும் பெறும்னு!" நரசிம்மன் கைபேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

ஈர மண்ணில் ஒரு குழி. அதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெள்ளை முட்டைகள் விழுந்தன. குழியை மூட உடும்பு திரும்பியது. வால் திரையை நிறைத்தது.

நுனி இல்லை.

அடுத்த படத்திலும் அதே வால். நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். வால் வளரவில்லை. வேதவல்லி கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மூலையில் றூபி கொழுகொழுவென்று, ஒரு கவலையுமில்லாமல் படுத்திருந்தது.

அஞ்சலீனா ஆறு காலிப் பெட்டிகளை எடுத்து நரசிம்மனின் கையில் அடுக்கினாள். ஏழாவதின் மூடியைத் திறந்து மேசையில் வைத்தாள்.

"ஒண்டு தருவம், டொக்டர். அதையும் மாப்பிள்ளை வீட்டார் நாங்கள்தான் பாத்துத் தருவம்."