கங்குன் தொட்டிப் புழுக்கள்

“அந்தப் புழுவையெல்லாம் எங்கயாவது கொண்டு போய்க் கொட்டு மகள். மாப்பிள்ளைட உம்மா வாற நேரம்,” என்றாள் நாச்சியா.

சுல்பிகா கேட்டால்தானே. மீன் தொட்டியிலிருந்து ஒரு வாளி அழுக்குத் தண்ணீரை அள்ளி, உயரத்தில் இருந்த சல்லிக்கல் தொட்டியில் ஊற்றினாள். கல்லுக்குள் வேர் விட்டிருந்த கங்குன் கீரை வேண்டியதைக் குடிக்க, மிச்சத் தண்ணீர் தெளிந்து மீனுக்கே திரும்பி ஒழுகியது. ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்டுக் கேட்டு அவளாகவே செய்த ஏற்பாடு.

“புழு இல்லாட்டி மீன்ட அழுக்கு கல்லுக்க தேங்கி நாறும் உம்மா. அதத் திண்டு எருவாக்கிறதே அதுகள்தான்.”

“நாளைக்கு மாப்பிள்ளை வந்து இருக்கப்போற வீடு இது. புழு வளர்க்கிற வீட்டுக்கு எந்த உம்மா மகனை அனுப்புவா?”

நாச்சியாவின் கவலை நியாயமானதுதான். வந்த இரண்டு சம்பந்தத்தையும் வேண்டாமென்ற மகள், சாய்ந்தமருது ஸலாஹுதீனுக்கு மட்டுமே தலையாட்டியிருந்தாள். இதுவும் கைநழுவினால் என்ன செய்வது? வாரம் தவறாமல் பின்வேலியில் ஒரு பால்மாத் தகரப் பேணி நிறையப் புழு தொங்கும். கேட்டால், “கூட்டாளி தந்த” என்பாள். அந்தக் கூட்டாளி தன் மகளின் வாழ்வில் மண்ணள்ளிப் போடுகிறாளே என்று நாச்சியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸலாஹுதீனின் தாய் ஆயிஷா உம்மா வந்தார். அறைகளைப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், நேராகப் பின்வளவுக்கு நடந்தார்.

“அங்க ஒண்டுமில்ல ராத்தா. வட்டிலாப்பம் சாப்பிடுங்களன்.”

“கிணத்தடியப் பாக்காம வீடு பாத்த கணக்கா?”

கங்குனைக் கண்டவர் ஆசையாக ஒரு பிடி பிடுங்கினார். வேரோடு நாலைந்து மண்புழுக்களும் நெளிந்துகொண்டு வந்தன. நாச்சியா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது.

“யாரு மகள் இதத் தந்த?”

“கூட்டாளி,” என்றாள் சுல்பிகா, தலை நிமிராமல்.

ஆயிஷா உம்மா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“என்ட மகன் வெள்ளிக்கு வெள்ளி மாட்டுக் கொட்டிலடியக் கிண்டி, தூண்டிலுக்கெண்டு பேணி பேணியாப் புழு கொண்டு போறான். இண்டைக்கு வரைக்கும் ஒரு மீன் வீட்டுக்கு வரல்ல. புழுவெல்லாம் முந்தியே இஞ்ச குடி வந்திட்டு, இனி அவனையும் அனுப்பிர வேண்டியதுதான்.”