இருபத்தொன்றும் இருபத்தைந்தும்

"எட்டுக் குழுவுக்கும் ஒரே வாசிப்பு! ஒரு துளிகூட வித்தியாசமில்லை! ஆரைப் பார்த்து ஆர் எழுதினது?"

நிலாந்தினி ரீச்சர் கொப்பிகளை மேசையில் போட்டார்.

நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்து ஒரு வருசம். அவருடைய வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க, அதிகாரி சிவபாதம் அன்று வகுப்புக்கு வந்திருந்தார்.

பாடம், அமில கார நியமிப்பு. குடுவையில் இளஞ்சிவப்பாய்க் காரம். அளவி என்ற கோடிட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து அதற்குள் அமிலத்தைத் துளித்துளியாய் விடவேண்டும். நிறம் மறைந்ததும் நிறுத்தி, எவ்வளவு அமிலம் போனதென்று எழுதவேண்டும்.

"இருபத்தைஞ்சு மில்லிலீற்றரில நிறம் போகும் சேர்" என்று ரீச்சர் முதலே அதிகாரிக்குச் சொல்லியிருந்தார். பிள்ளைகளும் அப்படியே எழுதினார்கள். அதிகாரி மேசை மேசையாய்ப் பார்த்துவிட்டு, சிரித்தபடி போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் ரீச்சருக்கு இடித்தது. எட்டிலும் இருபத்தைந்தா?

"உண்மையாச் செய்தா கொஞ்சமாவது கூடிக்குறையும். இப்ப நான் செய்யிறன். பாருங்கோ."

அமிலம் சொட்டியது. இருபத்தொன்றைத் தாண்டியதும் நிறம் போய்விட்டது.

ரீச்சர் முகம் மாறியது. இன்னொரு தரம் செய்தார். அதே இருபத்தொன்று.

ஓடிப்போய்க் காரப் போத்தலைப் பார்த்தார். மூடி இறுக்கமில்லை. உள்ளே காரத்தூள் கடற்காற்றின் ஈரம் குடித்துக் கட்டிபட்டிருந்தது. காரமென்று தராசில் நிறுத்துக் கரைத்ததில் கொஞ்சம் தண்ணீர்! அதனால்தான் அமிலமும் குறையப் போயிருக்கிறது.

"பிழை என்னில..."

கஜாலினி மெல்ல எழும்பி ஒரு கடதாசித் துண்டை நீட்டினாள். அதில் எட்டுக் குழுக்களின் வாசிப்புகளும் இருந்தன. எல்லாமே இருபத்தொன்றுக்குக் கிட்ட.

"எங்களுக்கும் இதுதான் ரீச்சர் வந்தது. நீங்கள் சேருக்கு இருபத்தைஞ்செண்டு சொல்லிப்போட்டீங்கள். உங்களைத் தலைகுனிய விட எங்களுக்கு ஏலாது."

"வேலை கிடைக்காட்டி நீங்கள் போயிடுவீங்கள்" என்றான் நிலக்ஷன்.

ரீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

"எனக்காகவும் பொய் எழுதப்படாது. வெட்டிப்போட்டு வந்ததை எழுதுங்கோ!"

மணி அடித்ததும் அந்தத் துண்டோடு சைக்கிளை மிதித்தார். இறங்குதுறையில் சிவபாதம் படகுக்காகக் காத்திருந்தார்.

"சேர், பிள்ளைகள் எழுதினது பிழையான வாசிப்பு. காரத்தைப் பிழையாக் கரைச்சது நான். பிள்ளைகள் என்னைக் காப்பாற்றத்தான் அப்பிடி எழுதினவை. நீங்கள் என்னெண்டாலும் எழுதுங்கோ. அவையளைக் குறை சொல்லாதேங்கோ."

சிவபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் ரசாயனம் படிப்பிச்சனான் பிள்ளை. எட்டு அளவியையும் பார்த்தனான். எல்லாம் இருபத்தொண்டிலதான் நிண்டது."

"அப்ப... தெரியுமோ சேர்?"

"ஓம். உமக்கு வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அங்கயே எழுதிப்போட்டன்."

"ஏன் சேர்?"

"இருபத்தாறு வருசம் படிப்பிச்சனான். எனக்காக ஒரு பிள்ளைகூடப் பொய் எழுதினதில்லை."