இடது பக்கத்து பிரேக்

எட்டாவது வளைவைத் தாண்டிய பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள்.

அவன் காலடியில் கிடந்த ரப்பர் மேட் சுருண்டிருந்தது.

கிளம்பும்போது நேராகத்தான் இருந்தது. அவனுடைய வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, காருக்குள் வைத்து, செருப்பின் பட்டையை ஒட்டிவிட்டவளே அவள்தான். பக்கவாதம் வந்து பதினோரு மாதம். அந்தக் கால் வைத்த இடத்தில் கிடக்கும். பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பெண், "நரம்பு உசுரோடதானுங்க இருக்குது. ஐயாதான் மனசு வெக்க மாட்டேங்கறாரு" என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அவனாவது, மனசு வைப்பதாவது! "செத்த காலுக்கு என்ன சிங்காரம்?" என்பான். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

வண்டி குலுங்கியதில் மேட் நகர்ந்திருக்கும்.

அவள் கண்ணைச் சாலைக்குத் திருப்பினாள்.

"ஆரன் அடி. அட, ஆரன் அடி புள்ள! மேலிருந்து லாரி வருவான்."

அடித்தாள்.

"மூணுல ஏறுமா இது? ரெண்டாவது போடு."

போட்டாள்.

இதே மலையில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவன். அடிவாரத்துச் செக்போஸ்டில் தடுப்புக் கம்பியைத் தூக்கியவருக்குக்கூட அடையாளம் தெரிந்தது.

"அட, செங்கோடன் டிரைவருங்களா! வண்டி ஓட்டறது ஆருங்க?"

"ஊட்டுக்காரி" என்றான், திருட்டுக் கொடுத்தவன் மாதிரி.

"லைசென்ஸ் எடுத்து நாலு மாசம் ஆச்சுங்" என்றாள் அவள்.

செக்போஸ்ட்காரர் கம்பியை இன்னும் ஒரு முழம் உயர்த்திப் பிடித்தார்.

பத்தாவது வளைவு.

எதிரே ஒன்றும் வரவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு, பிரேக்கை ஒரு நொடி தாமதித்தாள்.

வேண்டுமென்றேதான்.

பள்ளம் சட்டென்று அவன் பக்கத்து ஜன்னலுக்கு வந்தது.

"அட கெரகத்த! புடி, புடி, பிரேக்கப் புடி!"

செருப்புக்குள் விரல்கள் ஊன்றின. முழங்கால் விறைத்தது. அங்கே இல்லாத பிரேக்கை அந்தக் கால் ஓங்கி மிதித்தது.



சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் குனிந்து பார்ப்பான். பார்த்தால், அது மறுபடி செத்த கால் ஆகிவிடும்.

விழுங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டு. மிதித்தது.

பதினான்கு. மிதித்தது.

"உன்ன எமன் அனுப்பி வெச்சானா?"

"நீங்க பேசாம வாங்க. காத்து எப்படி சிலுசிலுன்னு அடிக்குது பாருங்க."

"காத்தா? எனக்கு வேர்த்து ஊத்துது!"

பதினெட்டு. மிதித்த மிதியில் மேட் மடங்கி, முன்னால் போய் ஒட்டிக்கொண்டது.

"இப்ப என்னத்துக்குச் சிரிக்கற?"

"சிரிக்கலீங்க."

சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணைத் துடைக்கத்தான் கை ஒழியவில்லை. ஸ்டீயரிங்கை விட முடியுமா?

இருபத்திரண்டாவது வளைவோடு மலை முடிந்தது.

உச்சியில் துரைமார் காலத்துக் கல்மேடை. குதிரையில் ஏறிவந்த எவனோ ஒரு துரை, நின்று பார்ப்பதற்கென்றே கட்டியது. தேய்ந்துபோன ஆண்டு ஒன்று கல்லில் இருந்தது. எத்தனை ஆயிரம் பேரைச் செங்கோடன் இங்கே கொண்டுவந்து இறக்கியிருப்பான்! ஒரு நாள்கூட இறங்கிப் பார்த்ததில்லை. பஸ்ஸைத் திருப்பத்தான் நேரம் இருக்கும்.

அவன் பக்கத்துக் கதவு பள்ளத்தைப் பார்க்கும்படி வண்டியை ஒரே திருப்பில் நிறுத்தினாள். இறங்கிச் சுற்றிவந்து கதவைத் திறந்துவிட்டாள்.

பூமி அங்கே பிளந்து கிடந்தது.

அடியில் ஆறு, தையல் பிரிந்த நூல் மாதிரி. பருந்து ஒன்று அவர்களுக்குக் கீழே வட்டமிட்டது.

அவன் எட்டிப் பார்த்தான்.

அவள் பள்ளத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, கசங்கிக் கிடந்த மேட்டை இழுத்து நேராக்கினாள். விலகிப்போயிருந்த செருப்பை மாட்டிவிட்டாள். அந்தக் காலைத் தூக்கி வைத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"இப்படி ஓட்டுனா எங்க டிப்போவுல அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க."

"செரிங்."

"எறக்கத்துல ரெண்டாவதுலயே வா. கியர மாத்தாத."

"செரிங்."

அவன் இன்னமும் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரேக்க நான் பாத்துக்கறேன்."